சுற்றுக்குச் சுற்று: பரந்தனில் ஒரு கால்மிதி

திங்கள்

வட இலங்கையின் வன்னியில், பரந்தனிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியோரம், பனைகள் சூழ்ந்த வீடு. விறாந்தையில் அக்கா துணி பிரித்துக்கொண்டிருக்கிறார். பழைய பருத்திச் சேலை, கிழிந்த சாரம், நிறம் மங்கிய படுக்கை விரிப்பு எல்லாம் ஒரு பக்கம். நைலோன், பொலியெஸ்டர் கலந்தவை மறுபக்கம். முன்பு ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவர். துணியை விரலால் உருட்டிப் பார்த்தே வகை சொல்லுவார்.

வன்னியில் அந்தக் கைப்பழக்கம் உள்ள பெண்கள் ஏராளம். 2009இல் போர் முடிந்த பிறகு கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் வானவில், விடியல் ஆலைகளும் வவுனியாவில் ஒமேகா லைனும் வந்தன. கலியாணம், பிள்ளைகள், தூரம் என்று பல காரணங்களால் ஆலையை விட்டவர்களுக்கு வீட்டோடு செய்யக்கூடிய வேலை தேவை. அக்கா தேர்ந்தது, பருத்திக் கயிற்றில் துணியைச் சுற்றி, அதை வட்டமாக வளைத்துத் தைக்கும் கால்மிதிகளும் மேசையில் தட்டுக்கு அடியில் விரிக்கும் விரிப்புகளும்.

இழுபடும் செயற்கைத் துணியை அவர் ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. அது தண்ணீரை உறிஞ்சாது. அடுப்பிலிருந்து இறக்கிய கறிச்சட்டியை அதன்மேல் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி இரண்டுக்கும் நிற்கும்.

செவ்வாய்

கயிறும் துணியும் தண்ணீரில் ஊறுகின்றன. பருத்தி முதற் கழுவலில் சுருங்கும்; தைத்த பிறகு சுருங்கினால் விரிப்பு கோணிப்போகும். அதனால் சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும்.

கயிறு தேர்வதிலும் கவனம் வேண்டும். வன்னி வளவுகளில் உடுப்புக் காயப்போடும் கொடி பெரும்பாலும் நைலோன். அது வழுக்கும், துணி அதில் பிடித்து நிற்காது. தும்புக் கயிறு முரடு, ஊசியை முறிக்கும். ஊசி இலகுவாக இறங்குவது பருத்திக் கயிற்றில்தான். ஆனால் இலங்கையில் பருத்தி விளைவது மிகக் குறைவு, பெரும்பகுதி இறக்குமதி. 2022இல் ரூபாய் சரிந்தபோது நூற்கட்டையின் விலைகூட எட்டாத உயரத்துக்குப் போனது. ஆகவே கயிற்றை அளந்துதான் வாங்க வேண்டும்.

கணக்கு எளிது. துணி சுற்றிய பிறகு கயிற்றின் தடிப்பு 7 மில்லிமீற்றர் என்றால், 38 சென்ரிமீற்றர் அகலமான வட்ட விரிப்புக்கு ஏறத்தாழ 16 மீற்றர் கயிறு போகும். அகலத்தை இரட்டித்து 76 சென்ரிமீற்றரில் கால்மிதி தைத்தால், 65 மீற்றர் வரை வேண்டும். அகலம் இரண்டு மடங்கு, கயிறு நான்கு மடங்கு. விலை சொல்லும்போது பலர் சறுக்கும் இடம் இது.

புதன்

துணியை ஓர் அங்குல அகல நாடாக்களாக வெட்டி, கயிற்றில் சரிவாகச் சுற்றுகிறார். நாடா முடியும் இடத்தில் அடுத்ததன் நுனியை உள்ளே செருகி மூடுகிறார். முதல் சுருளை விரல்நுனியில் இறுக்கி வளைக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்தது. “என்னக்கா, பெட்டி இழைக்கிறியளோ?”

“இல்லையடி, கால்மிதி. உன்ர அம்மம்மா பார்த்தா உடன பிடிச்சிடுவா.”

அது சரியான பேச்சு. ஈர்க்கை நடுவில் வைத்து ஓலையால் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் முந்திய சுற்றோடு பிணைக்கும் பனைவேலையின் முறையே இதுவும். பனைத்தொழிலுக்காக 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது; அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே வீடுகளில் கடகமும் பெட்டியும் இழைத்தார்கள். அமெரிக்காவில் சூசன் பிரையர் 2006இல் வெளியிட்ட புத்தகம் கயிறு சுற்றித் தைக்கும் முறையைப் பல வீடுகளுக்குக் கொண்டுபோனது. அங்கே புதிதாகக் கற்றவர்களுக்கு இல்லாத பழக்கம் ஒன்று பனையடியில் வளர்ந்தவர்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

வியாழன்

இன்று மெசின் வேலை. பக்கம் பக்கமாகக் கிடக்கும் இரண்டு சுற்றுகளையும் ஒரே தையல் பிடிக்க வேண்டும். அதற்கு ஊசி இடமும் வலமும் மாறி மாறி விழும் சிக்சாக் தையல் தேவை.

சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். அன்றிலிருந்து வீடுகளில் குடியிருக்கும் கறுப்புக் கால்மெசின் நேர்த்தையல் மட்டுமே போடும். சட்டைக்கும் பாவாடைக்கும் அது போதும். கயிறு இணைக்கப் போதாது. அந்த மெசின் மட்டும் உள்ளவர் மனம் தளர வேண்டியதில்லை. தடித்த ஊசியும் மெழுகு பூசிய நூலும் எடுத்துக் கையாலே பிணைக்கலாம். நேரம் கூடப் போகும், ஆனால் பிடி உறுதி.

அக்காவிடம் சிக்சாக் மெசின் இருக்கிறது. 16ஆம் இலக்க ஊசி, பருத்தி நூல், மெதுவான ஓட்டம். சுருள் மெசினின் இடப்பக்கம் விரிகிறது. வலப்பக்கத்தில் அதற்கு இடமில்லை.

வெள்ளி

கால்மிதி பெரிதாகப் பெரிதாக விளிம்பு மேலே எழும்பப் பார்க்கிறது. கயிற்றை இழுத்துப் பிடித்தால் அது கிண்ணமாகும், தளரவிட்டால் அலையடிக்கும். மெசினின் உயரத்துக்குப் பலகை வைத்து, சுருளைச் சமமாகக் கிடத்தி, கயிற்றை அதன் போக்கில் விட்டுத் தைக்க வேண்டும். அக்கா சில சுற்றுக்கு ஒருமுறை அதைத் தரையில் போட்டுப் பார்க்கிறார். லேசான வளைவு ஈரத்துணி போட்டு அயர்ன் பண்ணினால் படியும். அதற்கு மேற்பட்டால் தையலைப் பிரிப்பதே வழி.

சனி

கடைசி நுனியை முந்திய சுற்றின் அடியில் சரிவாக மடக்கிப் பலமுறை தைத்தாயிற்று. இனி விலை.

தமிழ்நாட்டின் கரூர் மேசை விரிப்புகளை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் ஊர். அங்கே தறியில் விரிப்புகள் விழும் வேகத்தோடும் விலையோடும் வீட்டு மெசின் போட்டிபோட முடியாது, போடவும் தேவையில்லை. கைவேலைக்கு வேறு வழி உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில் 1966இல் ஏழைக் கறுப்பினப் பெண்கள் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கி, ஒட்டுத்துணிப் போர்வைகளை விற்றார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனம் தலையணை உறைக்கு ஓடர் கொடுத்தது. தங்கள் கைவேலையைத் தொழிலாக நடத்த அவர்களுக்கு உதவியது பரிதாபம் அல்ல, ஓடர்.

ஞாயிறு

மெசின் மூடிக் கிடக்கிறது; அக்கா கோயிலுக்குப் போய்விட்டார். இந்த நாளில் வெளிநாட்டிலுள்ள உறவுகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. 2009க்குப் பிறகு வன்னிப் பெண்களுக்குத் தையல் மெசின் வாங்கிக் கொடுத்த நல்ல மனங்கள் பல. இனி ஒன்று கொடுப்பதானால் சிக்சாக் போடும் மெசினாகக் கொடுங்கள். கூடவே ஓர் உருளை பருத்திக் கயிறும் கொடுங்கள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஆறு விரிப்புகள் ஓடர் பண்ணுங்கள். கயிற்றையும் துணியையும் மட்டுமல்ல, தைத்த நேரத்தையும் கணக்குப் பார்த்துக் காசு கொடுங்கள்.