ஜாக்கியின் காலுக்கு நிரந்தரச் செருப்பு தேவையா?

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளமானது. ஒரு புறம் புத்தளம் களப்பு, மறு புறம் கடல், நடுவே மணல். அந்த மணலில்தான் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைகின்றன. அவற்றைக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் ஏற்றிச் செல்லும் லொறிகளில் சாரதியின் இருக்கைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், ஜாக்கிக்கும் இரும்புக் கம்பிக்கும் பக்கத்தில் அழுக்கேறிய கனமான பலகைத் துண்டொன்று கிடப்பதைப் பெரும்பாலும் காணலாம். அது எதற்கென்று அந்த வீதியில் வாழ்பவர் எவரும் கேட்பதில்லை. ரயரில் காற்றுப் போனால் ஜாக்கியின் கீழே வைப்பதற்கு.

இந்தப் பலகைத் துண்டைப் பற்றி எழுதவேண்டிய தேவை கனடாவிலிருந்து வந்தது.

தமக்கையின் மகன் ஒருவர் அங்கே வீட்டு வாகனம் ஒன்று வாங்கியிருக்கிறார். வட அமெரிக்காவில் ஆர்.வி. என்று சுருக்கமாக அழைப்பார்கள். படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் கொண்ட, சக்கரம் பூட்டிய வீடு. கோடை வந்துவிட்டால் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மனைவி பிள்ளைகளுடன் அதிலேயே தங்குகிறார். வரும் ஆண்டில் இலங்கைக்கு வந்து, இங்கே வாடகைக்குக் கிடைக்கும் அதுபோன்ற வான் ஒன்றை எடுத்துக்கொண்டு கற்பிட்டிக் கரையில் மூன்று நாட்கள் தங்கவேண்டுமென்பது அவருடைய திட்டம். தொலைபேசியில் கேட்டார்:

"மாமா, ஜாக்கிக் காலிலை நிரந்தரமாப் பூட்டி விடுற ரப்பர்ப் பாதம் ஒண்டு விக்கிறாங்கள். ஒரு செற் வாங்கலாமோ? வரேக்கை அங்கையும் கொண்டு வரட்டோ?"

பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவனிடம் ஒரு கேள்வியைப் போட்டால், அவன் அதை விசாரித்து முடிக்கும்வரை உறங்கமாட்டான். விசாரித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், வீட்டு வாகனத்துக்கு ஜாக்கி எதற்கு? நிறுத்திய இடம் சாய்வாக இருந்தால் படுக்கையும் சாயும். தலை தாழ்ந்து உறங்கி எழுபவருக்குத் தலைவலிதான் மிச்சம். கழுவும் தொட்டியில் தண்ணீர் ஒரு மூலையில் தேங்கும். அதனிலும் முக்கியமானது குளிர்சாதனப் பெட்டி. இத்தகைய வாகனங்கள் பலவற்றில் எரிவாயுவின் சூட்டினால் இயங்கும் பெட்டிகள் உள்ளன. அவற்றின் குழாய்களில் அமோனியாக் கரைசல் தன் எடையாலேயே வழிந்து சுற்றிவர வேண்டும். அதிகம் சாய்ந்த நிலையில் நெடுநேரம் இயங்கினால் அந்தச் சுற்று தடைப்பட்டுப் பெட்டியே கெட்டுப்போகலாம். ஆகவே நான்கு மூலைகளிலும் ஜாக்கிகளை இறக்கி வாகனத்தை மட்டப்படுத்துகிறார்கள்.

ஜாக்கியின் பாதமோ ஒரு சிறிய இரும்புத் தட்டு. அது நேரடியாகத் தரையில் அழுந்தாதிருக்க, ஒவ்வொரு தரிப்பிலும் நான்கு பலகைகளை எடுத்து, குனிந்து, தவழ்ந்து வைக்கவேண்டும். புறப்படும்போது மீண்டும் தவழ்ந்து எடுக்கவேண்டும். மழை பெய்தாலும் இதே சடங்குதான். ஐம்பது வயதைக் கடந்த முதுகுகளுக்கு இது சிறிய வேலையல்ல.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்ததே நிரந்தரப் பாதம். ஸ்நாப்பேட் என்ற பெயரில் விற்கப்படுவது இவற்றுள் நன்கு அறியப்பட்டது. பழைய ரயர்களின் ரப்பரை மறுசுழற்சி செய்து வார்த்த கனமான வில்லை அது. ஜாக்கியின் பாதத்துக்கு நேர்கீழே வைத்து, ஜாக்கியை இறக்கினால், வாகனத்தின் எடையே அதைப் பாதத்தில் இறுகப் பொருத்திவிடும். பின்னர் கழற்றவேண்டியதில்லை, ஜாக்கி மேலே போகும்போது அதுவும் கூடவே போகும். ஒரு செற் சில நூறு டொலர். பாதத்தின் வடிவும் அளவும் வாகனத்துக்கு வாகனம் வேறுபடுவதால் அளந்து பார்த்தே வாங்கவேண்டும்.

இதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. குனியும் வேலை குறைகிறது. இரும்பு சீமெந்துத் தரையில் உராய்வதில்லை, வழுக்குவதில்லை. வெயிலில் இளகிய தார்த் தரையில் பள்ளம் விழுவது குறைகிறது. பனி நாட்டில் இரும்புப் பாதம் உறைந்து தரையோடு ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் குறையும். பலகையை மறந்துவிட்டுப் புறப்பட்டு அடுத்த ஊரில் தலையில் கை வைக்கும் அவலம் அறவே இல்லை. வாரந்தோறும் இடம் மாறுகின்ற, சரளையோ சீமெந்தோ இட்ட தரிப்பிடங்களில் தங்குகின்ற ஒருவருக்கு இது கொடுத்த காசுக்குப் பெறுமதியான பொருள் என்றே சொல்வேன்.

குறைகளும் உண்டு. வில்லையின் கனத்தளவுக்கு, மேலே மடங்கிய ஜாக்கிக்கும் வீதிக்கும் இடையிலுள்ள இடைவெளி குறைகிறது. மேடுபள்ளமான கிராமத்துப் பாதையில் அந்த ஓரிரு அங்குலமும் பெரிதுதான். அதிகம் சாய்ந்த நிலத்தில் ஜாக்கியின் நீளம் போதாவிட்டால் கீழே கட்டை அடுக்கியே தீரவேண்டும். அப்போது பலகையை வீட்டில் விட்டுவந்தவர் பாடு திண்டாட்டம்.

இனிக் கற்பிட்டிக்கு வருவோம்.

எழுத்தாளன் கணக்கு என்று நகைக்கவேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே இதில் உள்ளன. ஒரு ஜாக்கிக் காலின்மீது 1500 கிலோகிராம் எடை விழுவதாக வைத்துக்கொள்வோம். இரும்புப் பாதம் 9 அங்குல விட்டமுள்ள வட்டம் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 410 சதுர சென்ரிமீற்றர். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் மூன்றரைக் கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. பக்கத்துக்கு ஒரு அடி வரும் ரப்பர் வில்லையைப் பொருத்தினால் பரப்பு ஏறத்தாழ 900. அழுத்தம் ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். பாதிக்கு மேல் குறைந்துவிட்டதே என்று மகிழலாம். ஆனால் இறுகாத மணல் தாங்குவதாகக் கட்டடப் பொறியியலாளர்கள் கொள்வது சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான அழுத்தத்தையே. ஆக, வில்லை போட்ட காலும் புதையும். சற்று மெதுவாகப் புதையும், அவ்வளவுதான்.

இரண்டடிக்கு இரண்டடி பலகையை வையுங்கள். பரப்பு ஏறத்தாழ 3700 சதுர சென்ரிமீற்றர். அழுத்தம் அரைக் கிலோவுக்கும் கீழே. இப்போது மணல் தாங்கும்.

மணலை வெல்வது பொருளின் வலிமையல்ல; பரப்பு. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று நம் முன்னோர் சொன்னார்கள். கற்பிட்டி மணல்மேட்டில் அதே அடம்பன் கொடிதான் படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு மணலால் இயலாததை, சுமையைப் பகிர்ந்துகொண்ட பல்லாயிரம் மணல்கள் செய்கின்றன. பகிர்ந்து கொடுக்கும் வேலைதான் பலகையுடையது.

அந்த வேலைக்குப் பலகை வளையாதிருக்கவேண்டும். மெல்லிய பலகை நடுவில் வளைந்து ஓரங்களைத் தூக்கிக்கொள்ளும். பரப்பு அகலமாகத் தெரிந்தாலும் சுமை நடுவிலேயே விழும். இரண்டங்குலப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு வைப்பது நல்லது. பனையில் வெட்டுவதானால் வெளிப்புற வைரத்தில் வெட்டவேண்டும். உள்ளே இருப்பது சோறு.

இது வெறும் வசதிக் கணக்கு அன்று என்பதை நான் தலவிலையில் கண்டேன்.

தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் பெருவிழாக்கள் மார்ச் மாதத்திலும் ஜூலை-ஆகஸ்ட் காலத்திலும் நடைபெறுகின்றன. தமிழரும் சிங்களவருமாக யாத்திரிகர்கள் நாடெங்கிலுமிருந்து வந்து குவிவார்கள். பஸ்ஸிலும் லொறியிலும் பாய், பானை, அரிசி, குழந்தைகள் சகிதம் வந்து மர நிழலில் துணி கட்டித் தங்குவார்கள். வீட்டு வாகனம் என்ற பெயரைக் கேட்டறியாத காலத்திலேயே நம் மக்கள் நடத்திவந்த நடமாடும் குடித்தனம் இது.

பல ஆண்டுகளுக்கு முன், அத்தகைய விழா ஒன்றைப் பற்றிச் செய்தி எழுதச் சென்றிருந்தேன். மாலையில் திரும்பும் வழியில், யாத்திரிகர் பஸ் ஒன்று பின் ரயர் காற்றுப்போய் வீதியோர மணலில் நின்றது. உதவியாளனாக வந்த இளைஞன், இருபது வயது இருக்கலாம், ஜாக்கியை வைத்து உயர்த்தினான். பஸ் உயர்வதற்குப் பதிலாக ஜாக்கி தாழ்ந்தது. பலகை இல்லை. மண்ணைக் கையால் பறித்து மறுபடி வைக்கலாமென்று அவன் பஸ்ஸின் அடியில் நுழைய முனைந்தபோது, பக்கத்து வாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவர் சத்தமிட்டார்:

"தம்பி, வெளியில வா! பலகை வைக்காம உள்ளுக்குப் போகாத!"

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தான். சில நிமிடங்கள்கூடச் செல்லவில்லை. ஜாக்கி ஒரு பக்கமாகச் சரிந்தது. பஸ்ஸின் பின்புறம் மணலில் குந்தியது. அவன் தலையை நுழைத்த இடத்தில் இப்போது ஒரு கை நுழையவும் இடமில்லை. பஸ்ஸில் இருந்த பெண்கள் அன்னம்மாளை அழைத்துச் சிலுவைக் குறி இட்டார்கள். கிழவர் ஒன்றும் பேசாமல் வாடிக்குள் போய், உடைந்த வள்ளத்தின் பலகைகள் இரண்டைக் கொண்டுவந்து போட்டார். அதன் பிறகு பஸ் உயர்ந்தது.

எவரும் காயமடையாததால் அது செய்தியாகவில்லை. மறுநாள் பத்திரிகையில் விழாவுக்கு வந்த கூட்டத்தைப் பற்றித்தான் வந்தது. அந்த இளைஞனின் தாய் எந்த ஊரிலோ அன்றிரவு வழமைபோல் உறங்கியிருப்பாள்.

மணல் ஒரே மாதிரியானதும் அல்ல. கடலோரத்தில் ஈரம் பிடித்த மணல் இறுகி நிற்கும். வாகனம் ஓட்டலாம்போலத் தோன்றும். ஈரம் உலர்ந்தாலும் உதிரும். அலை ஏறி நீர் நிறைந்தாலும் இளகும். களப்புப் பக்கம் இன்னும் மோசம். மேலே வெயிலில் காய்ந்த உப்புப் பொருக்கு, கீழே சேறு. மே முதல் ஒக்ரோபர் வரை தென்மேற்குக் காற்று அங்கே விடாமல் வீசும். அந்தக் காற்றுக்காகவே உலகெங்கிலுமிருந்து பட்டச் சறுக்கு விளையாட்டுக்காரர் கற்பிட்டிக்கு வருகிறார்கள். அதே காற்று இரவோடிரவாகப் பலகையின் ஓரத்து மணலை அரித்துச் செல்லக்கூடும். மாலையில் மட்டமாக நின்ற வாகனம் காலையில் சாய்ந்திருந்தால் வியப்பில்லை. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் கதையைச் சொல்லவேண்டியதே இல்லை. இரும்புப் பாதத்தை ரப்பர் மூடிக் காக்கும் என்பது உண்மை. இடுக்கில் தங்கிய உப்பு நீரைக் கழுவாமல் விட்டால் அந்த மூடியே பகையாகலாம் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்ன பதில் இரண்டு பகுதிகளாக இருந்தது.

கனடாவில் பாவிப்பதற்கு வாங்கலாம். அடிக்கடி இடம் மாறுகிறீர், சரளைத் தரையில் தங்குகிறீர், உமது முதுகுக்கும் வயதாகிறது. ஆனால் பழைய பலகைகளை எறியவேண்டாம். இளகிய நிலத்திலும் சாய்ந்த நிலத்திலும் வில்லையின் கீழே அவற்றையும் வையும். சக்கரத்துக்கு அடைகட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொடும். மட்டப்படுத்துகிறேன் என்று சக்கரங்களைத் தரையிலிருந்து கிளப்பவேண்டாம். அந்த ஜாக்கியை நம்பி வாகனத்தின் அடியில் படுக்கவே வேண்டாம்.

இங்கே கொண்டுவரவேண்டியதில்லை. இலங்கையில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சிறிய வான்கள். நீர் அழுத்தத்தில் இறங்கும் நான்கு கால்கள் அவற்றில் இராது. பூட்டுவதற்குக் கால் இல்லாத செருப்பை விமானத்தில் சுமந்துவந்து என்ன செய்வது? மட்டம் பார்த்து இறுகிய நிலத்தில் நிறுத்தினால் போதும். மணல்மேட்டில் ஏற்றி அடம்பன் கொடியை நசுக்கவும் வேண்டாம்.

புத்தளத்தில் ஏதாவதொரு மரக்காலையில் இரண்டடிப் பலகை இரண்டு வாங்கி, மூலையில் துளையிட்டுக் கயிறு கட்டி வானில் போட்டுக்கொள்ளுங்கள். ரயர் மாற்றும்போது ஜாக்கிக்குக் கீழே ஒன்று போகட்டும். புதைந்த சக்கரத்துக்கு முன்னால் மற்றது போகட்டும். கயிறு எதற்கென்றால், வேலை முடிந்ததும் மணலுக்குள் கைவிட்டுத் துழாவாமல் இழுத்தெடுப்பதற்கு.