மூக்கு நுனியில் ஒரு பந்து

பந்தயப் படகு ஒவ்வொன்றின் மூக்கு நுனியிலும் வெள்ளையாக ஒரு சின்னப் பந்து இருக்கும். குறைந்தது 4 செ.மீ. குறுக்களவு, எலுமிச்சம்பழ அளவு. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒற்றையர் இறுதிப் பந்தயத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்தப் பந்தின் மேல் கண் விழுந்தது. நியூசிலாந்தின் மஹே டிரைஸ்டேல், குரோஷியாவின் டாமிர் மார்ட்டின் இருவருமே 2,000 மீட்டரை 6 நிமிடம் 41.34 விநாடியில் முடித்தார்கள். கடிகாரம் கைவிரித்துவிட்டது. கோட்டை எவருடைய படகின் மூக்கு முதலில் தொட்டது என்று படத்தை உற்றுப் பார்த்துத்தான் டிரைஸ்டேலுக்குத் தங்கம் கொடுத்தார்கள்.

பந்து படகுக்கு வந்து சேர்ந்த கதை சோகமானது. கேம்பிரிட்ஜில் ஓடும் கேம் ஆறு ஒடுக்கமானது. எட்டுப் பேர் வலிக்கும் இரண்டு படகுகள் பக்கத்தில் பக்கத்தில் போக இடம் போதாது. அதனால் கல்லூரிப் படகுகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றரைப் படகு நீளம் இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். பீரங்கி வெடித்ததும் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் புறப்படும். முன்னால் போகிற படகை எட்டிப்பிடித்து இடித்துவிட்டால் ஜெயித்த மாதிரி; மறுநாள் இரண்டும் வரிசையில் இடம் மாறிக்கொள்ளும். இந்த ஆண்டு எந்த வரிசையில் முடிகிறதோ அதே வரிசையில் அடுத்த ஆண்டு தொடங்கும். புதிதாகச் சேர்ந்த மாணவன், தான் முகம்கூடப் பார்த்திராத யாரோ சம்பாதித்த அல்லது தொலைத்த இடத்திலிருந்து துடுப்புப் போட ஆரம்பிக்கிறான். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் 1888-இல் நடந்த பந்தயத்தில் பின்னால் வந்த படகின் கூர்மையான மூக்கு ஒரு மாணவரின் மார்பில் பாய்ந்து அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் மூக்குக்கு ரப்பர் பந்து கட்டாயமாயிற்று.

இது தெரிந்த பிறகு விதிப்புத்தகத்தை என்னால் வெறும் சட்டமாகப் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாருக்கோ என்னவோ நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது. பந்தயப் படகில் காலணி படகோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். வலிப்பவர் வந்து அதற்குள் காலை நுழைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கையால் ஒரே இழுப்பில் இரண்டு காலும் விடுபட வேண்டும், குதிகால் ஓர் அளவுக்கு மேல் எழும்பாதபடி கயிறு கட்டியிருக்க வேண்டும் என்கிறது விதி. தலைகீழாகக் கவிழ்ந்த படகுக்கு அடியில், தண்ணீருக்குள், கால் மாட்டிக்கொண்ட ஒருவரை மனதில் வைத்து எழுதிய வரி அது.

எட்டுப் பேர் படகில் ஒன்பதாவது ஆள் உண்டு. துடுப்பே தொடாமல், எல்லோரையும் பார்த்து உட்கார்ந்து, சுக்கான் பிடித்துக் குரல் கொடுக்கும் காக்ஸ். அவர் 55 கிலோவாவது இருக்க வேண்டும். குறைந்தால் குறைகிற எடைக்கு மணல்பை மாதிரி ஏதாவது பாரத்தை, 15 கிலோ வரைக்கும், அவருக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நடுவழியில் துடுப்பு வலிப்பவர் ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டாலும் மற்றவர்கள் எல்லைக்கோட்டைக் கடந்தால் அந்தப் படகுக்கு இடம் உண்டு. காக்ஸ் விழுந்துவிட்டால் கிடையாது. யோசித்துப் பார்த்தால் நியாயம் விளங்கும். வலிப்பவர் போனால் படகுக்கு நஷ்டம், தண்டனை அதிலேயே அடங்கிவிட்டது. காக்ஸ் போனால் படகுக்கு 55 கிலோ லாபம். இப்படி எல்லாத் திசையிலும் யோசித்த மனிதர்கள் மேல் எனக்கு மரியாதை வருகிறது.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதியில், ஹென்லி என்ற ஊரில், 1839 முதல் நடந்துவரும் படகுப் பந்தய விழாவான ரெகட்டாவில் புறப்படும் காட்சியைப் பாருங்கள். டெம்பிள் தீவின் பக்கத்தில் இரண்டே இரண்டு படகுகள். நங்கூரமிட்ட மேடைகளில் குப்புறப் படுத்திருக்கும் இளைஞர்கள் படகுகளின் வாலைக் கையால் பிடித்திருக்கிறார்கள். காற்று மூக்கைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. முன்னால் இருப்பவர் துடுப்பு நுனியால் தண்ணீரை லேசாகத் தட்டித் தட்டி நேராக்குகிறார். தயாராகவில்லை என்றால் கையைத் தூக்க வேண்டும். பின்னால் விசைப்படகில் நடுவர் சிவப்புக் கொடியோடு நிற்கிறார். கை இறங்குகிறது, கொடி இறங்குகிறது, படுத்திருந்தவர்களின் பிடி விடுகிறது. 1 மைல் 550 கெஜம், ஏறக்குறைய 2,112 மீட்டர். தோற்றவர் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எத்தனை படகு நீளத்தில் ஜெயித்தார் என்று தீர்ப்பு எழுதுவார்கள். ரொம்பத் தூரம் பின்தங்கிவிட்டால் நீளமெல்லாம் எண்ணுவதில்லை. ‘எளிதாக’ என்று ஒரே சொல்.

இத்தனை நுணுக்கமான ஊரில்தான் இன்னொரு விதியும் இருந்தது. எனக்கு இன்றும் மனம் ஆறாத விதி. அமெச்சூர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று சொல்லி, யார் அமெச்சூர் என்பதற்கு 1879-இல் ஒரு விளக்கம் எழுதினார்கள். பணத்துக்காகப் பந்தயம் ஓடியவர் கூடாது என்பதோடு நின்றிருந்தால் சரி. படகில் கூலிக்கு வேலை பார்த்தவர் கூடாது. கைவினைஞர், தொழிலாளி, கூலிக்காரர் யாரும் கூடாது. உடல் உழைப்பவனுக்கு அதனாலேயே கூடுதல் பலம் வந்துவிடுகிறது, அது மற்றவர்களுக்கு அநியாயம் என்று காரணம் சொன்னவர்கள் இருந்தார்கள். நாள் முழுக்கப் பயிற்சி செய்ய ஓய்வும் நல்ல படகும் இருப்பவனுக்கு வரும் பலத்தை யாரும் எடை போடவில்லை.

தேம்ஸில் பந்தயம் தொடங்கிவைத்ததே கூலிக்குப் படகு வலித்தவர்கள்தான். தாமஸ் டாகெட் என்ற நாடக நடிகர், அப்போதுதான் பயிற்சி முடித்து வெளிவந்த படகுக்காரர்களுக்காக 1715-இல் ஏற்படுத்திய பந்தயம் லண்டன் பாலத்திலிருந்து செல்சி வரை இன்றும் நடக்கிறது. ஜெயித்தவருக்குச் சிவப்புக் கோட்டும் வெள்ளி வில்லையும். ஹென்லியைவிட நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. நம் பக்கம் வந்தால், சென்னையில் அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867 முதல் இருக்கிறது. அதே அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் ஊரூர் குப்பம். அந்த முகத்துவாரத்தில் வயிற்றுக்காகத் துடுப்புப் போட்ட ஒவ்வொருவரையும், வலிக்கத் தெரிந்த குற்றத்துக்காகவே, 1879-இன் அந்த வரி வெளியே நிறுத்தியிருக்கும்.

ஜாக் கெல்லியை அந்த வரி உண்மையிலேயே நிறுத்தியது. ஃபிலடெல்ஃபியாவில் செங்கல் அடுக்கும் கொத்தனாராக இருந்தவர் அவர். 1920-இல் ஹென்லியின் ஒற்றையர் பந்தயமான டயமண்ட் ஸ்கல்ஸ் கோப்பைக்கு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். அவருடைய வெஸ்பர் கிளப்பின் மேல் 1906-இலிருந்தே தடை இருந்தது என்பது ஒரு காரணம். உடல் உழைப்பு விதி இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஆண்டு கோப்பையை வென்றவர் இங்கிலாந்தின் ஜாக் பெரஸ்ஃபோர்டு. சில வாரம் கழித்து ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அதே பெரஸ்ஃபோர்டை ஒரு விநாடி வித்தியாசத்தில் கெல்லி தோற்கடித்தார். பிறகு அரைமணி நேரம் போல் மூச்சு வாங்கிக்கொண்டு, உறவினர் பால் காஸ்டெல்லோவுடன் இரட்டையரிலும் இறங்கித் தங்கம் வாங்கினார். மகனைச் சின்ன வயதிலிருந்தே துடுப்போடு வளர்த்தார். 1947-இல் மகன் ஜாக் கெல்லி ஹென்லியில் டயமண்ட் ஸ்கல்ஸ் வென்றார். 1981-இல் அந்தக் கரையில் பரிசு வழங்க அழைக்கப்பட்டவர் கொத்தனாரின் மகள், நடிகையாக இருந்து மொனாக்கோவின் இளவரசியான கிரேஸ் கெல்லி.

ஆஸ்திரேலியாவின் பாபி பியர்ஸின் கதை இன்னும் துலக்கமானது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில், காலிறுதியின் நடுவே, வாத்துக் குடும்பம் ஒன்று வரிசையாகக் குறுக்கே நீந்திப் போவதைப் பார்த்துத் துடுப்பை நிறுத்தி வழிவிட்டவர் அவர். அப்படியும் ஜெயித்தார், கடைசியில் தங்கமும் வாங்கினார். ஹென்லிக்கு அவர் ஆகவில்லை, ஏனென்றால் தச்சர். பிறகு கனடாவுக்குப் போய் விஸ்கி விற்கும் வேலையில் சேர்ந்தார். விற்பனைக்காரர் உடல் உழைப்பாளி இல்லையே! 1931-இல் டயமண்ட் ஸ்கல்ஸில் அனுமதித்தார்கள், வென்றார். உளி பிடித்த அதே கைதான்.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் வந்த ஆஸ்திரேலியப் படகுக்குழுவையும் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் போலீஸ்காரர்கள், அதுவும் கூலி வேலைக் கணக்கில் சேர்ந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, அடுத்த ஆண்டு அந்த வரியை எடுத்தார்கள். பெண்களுக்கென்று ஒற்றையர் போட்டி அங்கே நிலைபெற 1993 ஆயிற்று.

இன்றைய சர்வதேச விதிகளில் நான் மனமார நேசிக்கும் ஒன்று உண்டு. பந்தயத்தில் குறை இருந்தால், கோட்டைக் கடந்ததும் உடனே கையைத் தூக்க வேண்டும். நடுவர் விசைப்படகை அருகில் கொண்டுவந்து கேட்பார். கேட்காமல், பந்தயம் முறையாக முடிந்தது என்பதற்கான வெள்ளைக் கொடியைக் காட்டக் கூடாது. கெல்லிக்கு இந்த வசதி இல்லை. தண்ணீரில் இறங்க விட்டால்தானே கையைத் தூக்க முடியும்?

வாசலிலேயே நிறுத்தும் விஷயம் இப்போதும் ஒன்று என் மனதை உறுத்துகிறது. 1996 முதல் ஒலிம்பிக்கில் குறைந்த எடைக்காரர்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. ஆண்கள் சராசரி 70 கிலோ, பெண்கள் 57. பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு வரைக்குள் தராசில் ஏறிக் காட்ட வேண்டியிருந்தது. ஆறரை அடி உயரமும் நூறு கிலோ எடையுமாக ஆட்கள் வளராத நாடுகளுக்குத் திறந்துவைத்த கதவு அது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங் இருவரும் அதன் வழியாகத்தான் நுழைந்து பதினோராவது இடத்துக்கு வந்தார்கள். பாரிஸ் 2024-ஓடு அந்தப் பிரிவு முடிந்துவிட்டது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் அதற்குப் பதிலாகக் கடற்கரையில் ஓடிப்போய்ப் படகில் ஏறி வலிக்கும் பந்தயம் வருகிறது. அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்காக இதை மூடியிருக்க வேண்டாம். 2032-இலாவது அந்தத் தராசை மறுபடி கரைக்குக் கொண்டுவர வேண்டும்.