கீழே வைத்த சீட்டையும் காட்டுங்க

1999-ல் பிரிட்டனின் சேனல் 4, மேசையில் கண்ணாடி பதித்து, ஆட்டக்காரர்கள் மறைத்து வைத்திருந்த சீட்டை நமக்குக் காட்டியது. அதுக்கப்புறம்தான் போக்கர் டிவியில் பார்க்கிற ஆட்டமாச்சு. 2003-ல் லாஸ் வேகஸ் உலகத் தொடரில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 25 லட்சம் டாலர் ஜெயிச்சார். அப்போது 839 பேர் ஆடினாங்க. 2006-ல் 8,773 பேர்.

என் பத்து வயசு மகனும் பார்க்கிறான். "அப்பா, அவருக்கு 82 சதவீதம்னு போட்டாங்களே, ஏன் தோத்தார்?" என்று கேட்டான். இரண்டு ஏஸுக்கு எதிராக இரண்டு ராஜா வந்தாலும், நூறில் சுமார் 18 தடவை ராஜா ஜெயிக்கும். சரியா ஆடியும் தோற்கலாம். திரையில் எண் வருது, இந்த விளக்கம் வருவது அபூர்வம்.

தொகுத்த ஒளிபரப்பில், சிப்ஸ் முழுவதையும் நடுவில் தள்ளும் சுற்றுகளே அதிகம். நல்ல ஆட்டக்காரர் பெரும்பாலான சுற்றுகளில் சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தப் பொறுமையை வெட்டிடறாங்க. 10,000 டாலர் கட்டிச் சேர்பவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் வெறுங்கையோடு போறாங்க. அதுவும் கண்ணில் படாது.

திரையோரம் ஒரு வரி போதும்: இவர் எத்தனை சுற்றில் விலகினார், இன்று எத்தனை பேர் வெளியேறினார்கள். அது வரும்வரை, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து நாமதான் சொல்லணும்.