களிமண் புறாவும் என் இடது கண்ணும்

துப்பாக்கின்னதும் பயந்துடாதீங்க மக்களே, உயிருள்ள எதையும் சுடலை. மிஷின் வீசுற தட்டைப் பறக்கும்போதே சுட்டு உடைக்கிற விளையாட்டு இது. தட்டு 11 செ.மீ. அகலம், எடை நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல. டேனிஷ்லயும் இதுக்குக் களிமண் புறான்னுதான் பேரு. இப்போ அதுல களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை. சுண்ணாம்புக்கல் பொடியும் தார் மாதிரி ஒரு பசையும்தான். அந்தக் காலத்துல நிஜப் புறாவையே சுட்டிருக்காங்க, 1900 பாரிஸ் ஒலிம்பிக் சமயத்துலகூட!

நம்மூர்ல இதுன்னா எனக்கு ஞாபகம் வர்றவர் புதுக்கோட்டை அரச குடும்பத்து பிருத்விராஜ் தொண்டைமான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல ட்ராப் பிரிவுல கலந்துகிட்டார். ஹேர்னிங் பக்கம் ராஜாவா இருக்கணும்னு அவசியமில்லை. இங்க ஷாட்கன்ல வேட்டைக்குப் போகணும்னாலே தட்டு உடைச்சுக் காட்டிப் பாஸ் பண்ணணும். அதனால கிளப்புல எல்லா வேலை பாக்குறவங்களும் வர்றாங்க.

எந்தத் துப்பாக்கி வாங்கலாம்னு கிளப்புல ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன். "முதல்ல உன் கண்ணைப் பாரு"ன்னுட்டார். நீங்களும் செஞ்சு பாருங்க. ரெண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவுல சின்ன ஓட்டை விட்டு, ரெண்டு கண்ணாலயும் தூரத்துல ஒரு பொருளைப் பாருங்க. அப்புறம் ஒவ்வொரு கண்ணா மூடுங்க. எந்தக் கண்ணை மூடினா பொருள் காணாமப் போகுதோ அதுதான் எஜமான் கண்ணு. எனக்கு இடது! எழுதுறது, சாப்பிடுறது எல்லாம் வலது கை.

ஷாட்கன்ல ரைஃபிள் மாதிரி பின்னாடி குறி பாக்க ஒண்ணும் கிடையாது, கண்ணுதான் அந்த வேலையைச் செய்யுது. வலது தோள்ல வெச்சு இடது கண்ணு ஆட்சி பண்ணினா குண்டு இடது பக்கமாப் போயிடும். ஒரு கண்ணை மூடிக்கலாம்தான். ஆனா பறக்குற தட்டோட வேகமும் தூரமும் ரெண்டு கண்ணுலதான் நல்லாப் பிடிபடும். அதனால இடது தோளுக்கே மாறிட்டேன். முதல் ரெண்டு வாரம் இடது கையால தோசை சுட்ட கதைதான், இப்போ பரவாயில்லை.

தோள் மாறினதும் பாதிக் கடை கழிஞ்சு போச்சு. செமி ஆட்டோமேட்டிக்ல காலித் தோட்டா பெரும்பாலும் வலது பக்கம் தெறிக்கும், இடது தோள்காரனுக்கு அது மூஞ்சிக்கு முன்னாடி. மேலும் கீழுமா ரெண்டு குழல் இருக்குற 12 போர்ல அந்தத் தொல்லை இல்லை. ஆனா கட்டை லேசா வலது பக்கம் வளைஞ்சிருக்கும், அது நேரா இருக்கணும். கன்னத்தை வெச்சா கண்ணு குழலுக்கு நேர் மேல நிக்கணும். டெய்லர் அளவெடுக்கிற மாதிரிதான். விலையெல்லாம் அப்புறம்.

ஒருத்தர் அவங்க அப்பாவோட பழைய பக்கவாட்டு இரட்டைக்குழலை மலிவாத் தர்றேன்னார். ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா டென்மார்க்ல வேட்டைக்கு ஈயக் குண்டை 1996லயே தடை பண்ணிட்டாங்க, எங்க கிளப்புலயும் இரும்புக் குண்டுதான். ஈயத்தை விடக் கெட்டி, பழைய குழலைப் பதம் பாத்துடும். இரும்புக்குச் சோதிச்ச குழல்ல லில்லிப் பூ முத்திரை இருக்கும். புரட்டிப் புரட்டிப் பாத்தேன், பூவைக் காணோம். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டேன். போலீஸ் அனுமதி வர்ற வரைக்கும் எனக்குக் கிளப் துப்பாக்கிதான்.