கேட்காமலே கொடுத்தது

ஒரு லேத் பட்டறைக்காரரின் உரிமையை, யாரும் கேட்காமலே நான் விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்ததை அவரிடம் சொல்லவும் இல்லை. பேட்டன்ட் கிடைத்துவிட்டது என்று வாழ்த்திச் சான்றிதழை நீட்டினேன், பாக்கிக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டேன். அவரைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். திண்டிவனம் பக்கத்துக்காரர்.

நான் பேட்டன்ட் ஏஜென்ட். கண்டுபிடித்தவர்களுக்காக விண்ணப்பம் எழுதுவதும், காப்புரிமை அலுவலகம் எழுப்பும் ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்வதும் என் தொழில்.

அவர் செய்தது மல்லாட்டை உடைக்கும் மெஷின். எண்ணெய்க்குப் போகும் கடலை உடைந்தாலும் பெரிய நட்டமில்லை. விதைக்கடலைக்குப் பருப்பு முழுதாக, மேல்தோல் கிழியாமல் வரவேண்டும், உடைந்தது முளைக்காது. வழக்கமான மெஷினில் சுழலும் உருளைக்கும் கீழே வளைந்திருக்கும் சல்லடைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அதைக் குறைத்தால் பெரிய காயின் பருப்பு நொறுங்கும், கூட்டினால் சின்னக் காய் உடையாமலே விழும். ஒரே வயலின் காயிலேயே பெரிசும் சிறிசும் கலந்துதான் வரும். போல்ட்டைத் திருகி எந்த அளவில் வைத்தாலும் ஏதோ ஒரு பக்கம் நட்டம். அவர் சல்லடையை ஸ்பிரிங் மேல் மிதக்க விட்டார். பெரிய காய் வந்தால் அதன் அழுத்தத்திலேயே சல்லடை தாழ்ந்து வழிவிடும், சின்னது வந்தால் எழுந்து நெருங்கும். மெஷின் ஓடும்போதே, கை படாமல், காயே தனக்கு வேண்டிய இடைவெளியை ஏற்படுத்திக்கொள்ளும். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் உருளையும் சல்லடையுமாக வைத்துக் காட்டினார். எனக்கு உடனே புரிந்தது. புரிந்தும் எழுதத் தவறினேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பேட்டன்ட் விண்ணப்பத்தில் வரைபடமும் விளக்கமும் எத்தனை பக்கம் இருந்தாலும், கடைசியில் எண் போட்டு வரும் வாக்கியங்கள்தான் உரிமையின் அளவைச் சொல்பவை. தொழிலில் அவற்றைக் ‘கிளெய்ம்’ என்போம். அவை தெளிவாக, சுருக்கமாக, விளக்கத்தில் சொன்னதையே ஆதாரமாகக் கொண்டு இருக்கவேண்டும் என்று 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு கேட்கிறது. நான் எழுதிய முதல் கிளெய்மின் சாரம் இது: ஓர் உருளை, ஒரு வளைந்த சல்லடை, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மாற்றும் ஓர் அமைப்பு. எவ்வளவு பொதுவாக எழுதுகிறோமோ அவ்வளவு பெரிய உரிமை என்ற நினைப்பில் எழுதினேன். ஓடும்போதே, காயின் அழுத்தத்தால் என்ற உயிரான செய்தி விளக்கத்தில் ஒரு வரியாக இருந்தது, கிளெய்மில் இல்லை. ஸ்பிரிங்கை நான்காவது கிளெய்மில் துணையாகச் சேர்த்தேன்.

முதல் ஆய்வறிக்கை வந்தது. எஃப்.இ.ஆர். என்று சொல்வோம். ஆய்வாளர் என் கிளெய்மைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் பழைய ஆவணத்தில் எங்கே இருக்கிறது என்று பத்தி எண்ணோடு காட்டியிருந்தார். D1 என்று அவர் குறித்தது ஒரு பழைய கடலை உடைப்பான்: உருளை இருக்கிறது, வளைந்த சல்லடை இருக்கிறது, இடைவெளியை மாற்றப் பக்கவாட்டில் போல்ட்டுகள் இருக்கின்றன. ‘இடைவெளியை மாற்றும் அமைப்பு’ என்ற சொற்களுக்குள் போல்ட்டும் அடங்கும். ஆகவே முதல் கிளெய்மில் புதுமை இல்லை. நான்காவதில் வரும் ஸ்பிரிங்குக்கு D2 என்று ஒரு தீவன அரவை மெஷினை எடுத்துக் காட்டினார். அதில் தட்டு ஸ்பிரிங்கில் நிற்கிறது, D1ஐயும் D2ஐயும் சேர்த்தால் இது தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதே, ஆகவே இன்வென்டிவ் ஸ்டெப் இல்லை என்றார். தனித்தனியே இயங்கும் தெரிந்த பொருட்களின் வெறும் மறு அடுக்கல் என்று 3(f) பிரிவின் ஆட்சேபமும் கூட வந்தது. மெஷின் விண்ணப்பங்களில் அது அடிக்கடி வருவதுதான்.

என் தொழிலில் இருப்பவர்கள், ஆய்வாளர் கண்டுபிடிப்பைப் புரிந்துகொள்ளவில்லை என்று குறைப்படுவார்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன். இந்தக் கோப்பில் அந்தக் குறைக்கு இடமே இல்லை. பட்டறைக்காரர் செய்த மெஷினை அவர் பார்த்ததில்லை, நான் எழுதிய வாக்கியத்தைத்தான் பார்த்தார். அந்த வாக்கியத்தின் சொற்கள் எவ்வளவு தூரம் விரியுமோ அவ்வளவு தூரம் விரித்துப் படித்தார். அது அவர் கடமை. விளக்கத்தில் இருக்கும் ஒரு வரியை எடுத்துக் கிளெய்முக்குள் தானாகப் போட்டு எனக்குச் சாதகமாகப் படிக்க அவர் யார்? அப்படி அவர் படித்து பேட்டன்ட் கொடுத்திருந்தால், நாளை போல்ட் வைத்த பழைய மெஷின்காரர் மீதுகூட அந்தக் காகிதத்தைக் காட்டி வழக்குப் போட முடியும். முதல் கிளெய்மைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழுக்கச் சரி.

D2 விஷயம் வேறு. பதில் சொல்ல சட்டம் ஆறு மாதம் தருகிறது, கேட்டால் இன்னும் மூன்று மாதம். அந்தக் காலத்தில் பெரும்பகுதி கோப்பு என் அலமாரியில் இருந்தது. கெடு நெருங்கியபோது எடுத்தேன். D2இன் முழு ஆவணத்தை நான் திறக்கவே இல்லை. அதன் சுருக்கத்தையும், ஆய்வாளர் எழுதிய ஒரு பத்தியையும் மட்டும் படித்தேன். இந்த ஒப்புதலின் மையம் இதுதான், வேறு எதையும் விட இதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கண்டுபிடித்தவருக்காக ஆவணத்தைப் படிப்பது ஒன்றுதான் அவர் எனக்குக் காசு கொடுத்த வேலை.

படிக்காததால் வாதாட என்னிடம் எதுவும் இல்லை. ஆகவே திருத்தினேன். நான்காவது, ஆறாவது, ஏழாவது கிளெய்ம்களில் துணையாக இருந்தவற்றை எல்லாம் அள்ளி முதல் கிளெய்மில் கொட்டினேன்: சல்லடையின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு சுருள் ஸ்பிரிங், சல்லடையின் உள்பக்கம் ரப்பர் பூச்சு, காய் கொட்டும் தொட்டியின் வாயில் ஒரு சரிவுத் தகடு. ஆய்வாளர் இவற்றில் எதையும் கேட்கவில்லை.

இத்தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள், வாக்கியம் நீண்டால் உரிமையும் கூடும் என்று நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. மணமகள் தேவை விளம்பரத்தில் நிபந்தனை ஒவ்வொன்றாகக் கூடக் கூட வரும் ஜாதகம் குறைவதைப் போல, கிளெய்மில் ஒரு பாகத்தைச் சேர்த்தால் அந்தப் பாகம் இல்லாத மெஷின்கள் எல்லாம் உரிமைக்கு வெளியே போய்விடும். நான் சேர்த்தவற்றோடு, அவருடைய மெஷினின் நகலைத் தவிர வேறெதுவும் அந்த வாக்கியத்துக்குள் நிற்காது.

செய்திருக்க வேண்டியது ஒரு வரி: மெஷின் ஓடும்போதே, உள்ளே வரும் காயின் அழுத்தத்தால் சல்லடை தானாக நகர்ந்து இடைவெளி மாறும். விளக்கத்தில் அது முன்பே இருந்ததால் 59ஆவது பிரிவு அந்தத் திருத்தத்தைத் தடுக்காது. போல்ட் வைத்த D1 அங்கேயே விலகிவிடும். ஸ்பிரிங் வைத்தாலும் எடை வைத்தாலும் அந்த வரிக்குள் வரும். பிறகு D2ஐப் பற்றி வாதாட வேண்டும், அவ்வளவுதான்.

வாதாட ஏன் தயங்கினேன்? ஆய்வாளர் மசியவில்லை என்றால், முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் முன்னால் ஹியரிங் வரும். இப்போதெல்லாம் வீடியோவில்தான் நடக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஹியரிங்கே இல்லாமல் கிரான்ட் வாங்கித் தருபவன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது, அதைக் காப்பாற்ற விரும்பினேன். இன்னொன்றும் உண்டு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் எல்லாருக்கும் தெரியும். உரிமை சுருங்கிப்போனது யாருக்கும் தெரியாது. சான்றிதழில் அசோகத் தூண் முத்திரையும் எண்ணும் இருக்கும், உள்ளே கிளெய்ம் எவ்வளவு இளைத்திருக்கிறது என்று பார்க்க ஆளில்லை. அந்த மறைவில்தான் நான் பிழைத்துவந்தேன்.

பதில் அனுப்பும் முன் பட்டறைக்காரர் போனில் கேட்டார்: “நம்மளுதுல எதையாவது எடுக்கச் சொல்றாங்களா சார்?” எதையும் எடுக்கவில்லை, இன்னும் விவரமாக எழுதச் சொல்கிறார்கள் என்றேன். அது பொய். கூடவே, மிர்சாபூர் பாத்திர வழக்கைச் சொல்லி அவரைப் பயமுறுத்தவும் செய்தேன். பித்தளைப் பாத்திரங்களை லேத்தில் பிடித்துக் கடையும் ஓர் ஏற்பாட்டுக்கு வாங்கிய பேட்டன்ட் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. வெறும் பட்டறை மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்ற அளவுகோல் அங்கே வருகிறது. லேத்காரரிடம் இன்னொரு லேத் கதையைச் சொன்னால் எப்படிப் பதியும் என்று எனக்குத் தெரியும். அவர் அடங்கிப்போனார். அந்த வழக்கில் தோற்ற ஏற்பாட்டின் முக்கிய உறுப்பு அதே வேலைக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதை நான் சொல்லவில்லை.

கிரான்ட் வந்தது. சில காலம் கழித்து, வருடாந்தரப் புதுப்பிப்புக் கட்டணம் கட்டவேண்டுமா என்று கேட்க வந்தவர், போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். செஞ்சிப் பக்கம் விற்கும் வேறொருவரின் மெஷின். “ஸ்பிரிங்குக்குப் பதிலா நெம்புகோல்ல எடை கட்டித் தொங்கவிட்டிருக்கான் சார். வேல அதே வேலதான். கேஸ் போடலாமா?” அவர் கேட்டபோதே பதில் எனக்குத் தெரிந்திருந்தது. நான்கு ஸ்பிரிங் இல்லை, ரப்பர் இல்லை, சரிவுத் தகடு இல்லை. சொல்லுக்குச் சொல் பார்க்காமல் கண்டுபிடிப்பின் சாரத்தைப் பார்க்கவேண்டும் என்று ராஜ் பிரகாஷ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது உண்டு. அந்தக் கதவையும் நானே சாத்தியிருந்தேன். எங்கள் புதுமை நான்கு மூலை ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது என்று என் பதில் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் அலுவலகத்தின் இணையப் பதிவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அன்றைக்கு இரவுதான் D2ஐ முழுதாகப் படித்தேன். அந்த அரவை மெஷினில் ஸ்பிரிங் இருப்பது கல்லோ இரும்போ உள்ளே விழுந்தால் தட்டு உடையாமல் விலகுவதற்காக. தானியம் அரையும்போது இடைவெளி அசையக்கூடாது, அசைந்தால் மாவு சீராக வராது என்று அந்த ஆவணமே எழுதிவைத்திருக்கிறது. நம்மவர் செய்ததற்கு எதிர்த்திசையில் போகிறது அது. இடைவெளி மாறக்கூடாது என்று சொல்லும் ஆவணத்தைப் படித்த தொழில்காரர், இடைவெளி காய்க்குக் காய் மாறவேண்டும் என்ற முடிவுக்கு எப்படி வருவார்? இந்த ஒரு கேள்வியை நான் எழுதி அனுப்பியிருக்க வேண்டும். 3(f)க்கும் விடை அதே இடத்தில் இருந்தது: காயும் சல்லடையும் ஸ்பிரிங்கும் தனித்தனியே இயங்கவில்லை, ஒன்றின் அசைவு மற்றொன்றைத் தீர்மானிக்கிறது.

ஆய்வாளர் ஏன் அதைக் காணவில்லை என்று கேட்கலாம். அவர் எங்கள் விளக்கத்தைப் படித்துவிட்டுத்தான் தேட உட்காருகிறார். விடை தெரிந்தபின் தேடுகிறவருக்கு, அதை நோக்கிப் போகும் பாதை எளிதாகத்தான் தெரியும். இது யாருக்கும் நேரும், அவருடைய நேர்மைக்கு இதில் குறைவில்லை. அதனால்தான் முறை இருக்கிறது. முந்தைய ஆவணம் என்ன, கோரப்படும் கண்டுபிடிப்பு என்ன, முன்னதிலிருந்து பின்னது தொழில் தெரிந்தவருக்கு எப்படித் தோன்றும் ஆகிய மூன்றையும் விளக்காமல் நிராகரிக்கக்கூடாது என்று 2022இல் அக்ரிபோர்டு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த மூன்றாவதை ஆய்வாளரிடம் கேட்கவேண்டியது ஏஜென்டின் வேலை. நான் கேட்கவில்லை. அவர் எழுப்பியது ஆட்சேபம். அதைத் தீர்ப்பாக ஆக்கியவன் நான்.

மறுபடி அவரைப் பார்க்கப் பட்டறைக்கே போனேன். “அவங்க கேட்டதாலதான சார் ஸ்பிரிங்க எழுதுனீங்க?” என்றார். இல்லை, யாரும் கேட்கவில்லை, நானாக எழுதினேன் என்றேன். D2ஐ நான் படிக்காததையும் சொன்னேன். கிரான்ட் ஆனபின் கிளெய்மை விரிக்கச் சட்டம் இடம் கொடுக்காது, பிரித்து இன்னொரு விண்ணப்பம் போடுவதென்றாலும் கிரான்டுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும் என்பதையும் விளக்கினேன். வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அடுத்து அவர் எள் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்று செய்துகொண்டிருக்கிறார். அதற்கு வேறு ஏஜென்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நல்லது என்றேன்.

அதன் பிறகு என் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்துவருகிறேன். ஹியரிங் இல்லாமல் கிரான்ட் ஆனவற்றை முதலில் எடுத்தேன். இதே திருத்தம், இதே அவசரம் வேறு சிலவற்றிலும் இருக்கிறது. இன்னும் கிரான்ட் ஆகாத விண்ணப்பங்களில் D1, D2 எல்லாவற்றையும் முழுதாகப் படித்து, வாதமாக எழுதுகிறேன். தேவையான இடத்தில் ஹியரிங்குக்கும் போகிறேன். கிரான்ட் ஆகிவிட்டவர்களிடம் சொல்லவேண்டியிருக்கிறது. சிலரிடம் சொல்லிவிட்டேன். மற்றவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிவருகிறார்கள்.