லிங்கராஜபுரத்துப் பிள்ளைகள்

என்னிடம் அந்தப் பிள்ளைகளின் படம் ஒன்றுகூட இல்லை. மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் என் வீட்டுக்கு வருகிறவர்கள் பெங்களூர்க் கதையெல்லாம் கேட்டுவிட்டு, “பிள்ளைங்க போட்டோ காட்டு” என்பார்கள். இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். இந்தியாவின் சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவின்படி, இல்லங்களில் வளரும் பிள்ளைகளின் பெயர், படம், பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் வேலை பார்த்த இல்லம் அதைவிடக் கறார். உள்ளே போகும்போதே கைப்பேசியை அலுவலக மேசையில் வைத்துவிட வேண்டும். அது சரியான கட்டுப்பாடு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். இருந்தாலும் சில இரவுகளில், ஒரேயொரு படமாவது இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

முகங்கள் மங்கிக்கொண்டு வருகின்றன. பின்னல்கள் மட்டும் மங்கவில்லை.

லிங்கராஜபுரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்தது அந்த இல்லம். பிள்ளைகள் அதை ‘ஹோம்’ என்பார்கள். காலை ஏழு மணிக்குக் கூடத்தில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலும் பேன் சீப்பும் சிவப்பு ரிப்பனும் வந்துவிடும். பெண் பிள்ளைகள் வரிசையாக ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து, முன்னால் இருப்பவளுக்குத் தலை பின்னுவார்கள். வரிசையின் முன்னால் இருப்பது எல்லாரிலும் சின்னது. அதற்குப் பின்ன ஆளில்லாததால் ரிப்பன்களை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும். கடைசியில் இருப்பவளுக்குப் பின்னிவிட யாரும் இல்லை அல்லவா, அந்த இடம் எனக்கு. நெற்றியில் எண்ணெய் வழிய, சிணுங்கிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் பள்ளிக்குத் தயாராகும் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாக எதுவும் எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

டிசம்பர் குளிரில் எண்ணெய் உறைந்துவிடும். பாட்டிலை வெயிலில் காட்டி உருக்க வேண்டும். வெக்கையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரின் காலைக் குளிர் முதல் வருடம் முழுக்க அதிசயமாகத்தான் இருந்தது.

பள்ளியில் கன்னடம், இரவுப் பேச்சில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூன்றும் ஒரே மொழிதான். சனிக்கிழமை ராகி முத்தெ, அதாவது கேழ்வரகுக் களி. அதை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஓர் ஆறு வயதுக்காரி. 2013-இல் தொடங்கிய க்ஷீரபாக்யா திட்டத்தில் அரசுப் பள்ளியில் பால் கொடுப்பார்கள். குடித்தாயா என்று கேட்டால் எல்லாரும் குடித்தேன் என்பார்கள், மேலுதட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கள் வருவார்கள். அநாதை இல்லம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும். உலகம் முழுவதும் இப்படியான இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடுதான் இருக்கிறார்கள். வறுமையும் நோயும் குடிகாரப் புருஷனும்தான் பிள்ளையை இங்கே கொண்டுவந்து விடுகின்றன. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற அந்தப் பெண்கள் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் ஒரு முழம் மல்லிகையும் வாங்கி வருவார்கள். பிள்ளையின் தலையை அவிழ்த்துத் தாங்களே மறுபடி பின்னுவார்கள். நான் பின்னியது நன்றாகவே இருந்தாலும் அவிழ்ப்பார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வந்ததில்லை. அந்தப் பின்னல் அவர்களுடையது.

விருந்தாளிகளும் வருவார்கள். கேக் வெட்டி, பாட்டுக் கேட்டு, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். வாசலில் யார் வந்து நின்றாலும் சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். “எவ்வளவு பாசம் பாருங்க” என்று வந்தவர் கண் கலங்குவார். எனக்கு வயிற்றைப் பிசையும். ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கி, இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. முன்பின் தெரியாதவரோடு தயக்கமில்லாமல் போய்விடும் இந்தப் பழக்கத்தை, நிலையான ஓர் ஆள் கிடைக்காததன் விளைவாக அந்த ஆய்வாளர்கள் பார்த்தார்கள். வீட்டில் வளரும் குழந்தை புது ஆளைக் கண்டால் அம்மா முந்தானைக்குள் ஒளியும். ஒளிய முந்தானை இல்லாத குழந்தைதான் ஓடிவந்து கட்டிக்கொள்கிறது.

போகிறவர்களிடம் அந்தப் பிள்ளைகள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “நாளெ பர்தீரா?” நாளைக்கு வருவீங்களா?

எங்கள் வார்டன் அம்மா அடிக்கடி ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரியைப் பற்றிச் சொல்வார். வட அயர்லாந்தின் மில்லைலில் 1867-இல் பிறந்தவர். 1895-இல் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்து, தொடக்கத்தில் வேலை பார்த்தது பெங்களூரில்தான். பிறகு திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். 1901-இல் கோவிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமிக்கு அடைக்கலம் கொடுத்ததில் தொடங்கி, டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்தார். ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. 1931-இல் விழுந்து அடிபட்டு, கடைசி இருபது வருடங்களைப் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்து, 1951-இல் அங்கேயே இறந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், வளர்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை வைத்தார்கள். மதம், மிஷன் பற்றி அவரோடு எனக்கு வாதிடத் தோன்றும் இடங்கள் பல. ஆனால் “நாளைக்கு வருவீங்களா” என்ற கேள்விக்கு ஐம்பத்தைந்து வருடம் ஒரே பதிலைச் சொன்னவர் அவர்.

எனக்கு அது வாய்க்கவில்லை. அப்பா படுத்த படுக்கையானார், விசாவும் முடிந்தது. வார்டன் அம்மா, கிளம்பும் சேதியை ஒரு மாதத்துக்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லச் சொன்னார். சொல்லாமல் மறைந்து போகிறவர்களால்தான் பிள்ளைகள் உடைகிறார்கள் என்றார். சொன்னேன். மறுநாள் காலை, எப்போதும் என் முன்னால் உட்காரும் ஒன்பது வயதுக்காரி எழுந்துபோய் வார்டன் அம்மா முன்னால் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டேன். “இனிமே இவங்கதானே பின்னணும்? இப்பவே பழகிக்கிறேன்” என்றாள். அவள் முகத்தில் கோபமே இல்லை.

அவள் இப்போது பதினெட்டை எட்டியிருப்பாள். பதினெட்டு முடிந்தால் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். 21 வயது வரை ஏதோ உதவி உண்டு என்கிறது சட்டம். எங்கே இருக்கிறாளோ, யாரோடு இருக்கிறாளோ. தேட எனக்கு வழியில்லை, உரிமையும் இல்லை.

இங்கே கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் வந்து, விடுமுறையில் இரண்டு வாரம் பெங்களூர் போய் ஆதரவற்ற குழந்தைகளோடு இருக்க ஆசை என்கிறார்கள். அவர்கள் ஆசை நல்ல ஆசை. அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு வருடமாவது இருக்க முடியாதென்றால் பிள்ளைகள் பக்கம் போகாதீர்கள். அலுவலகத்தில் கணக்கு எழுதுங்கள், வார்டனுக்கும் ஆயாக்களுக்கும் சம்பளம் உயரப் பணம் திரட்டுங்கள். அதைவிட, ஞாயிற்றுக்கிழமை மல்லிகையோடு வரும் அம்மாக்கள் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வாடகைக்கும் பள்ளிச் செலவுக்கும் உதவும் அமைப்புகளைத் தேடிப்பிடித்து, அங்கே கொடுங்கள்.