மாமன் மடி

காதணி விழா அழைப்பிதழ் எது வந்தாலும் எனக்குப் பாட்டியின் ஞாபகம் வந்துவிடும். கூடவே இரண்டு அரசியல் கட்சிகளின் ஞாபகமும் வரும். காது குத்துக்கும் கட்சிக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? எங்கள் வீட்டில் இருந்தது.

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பாட்டி பிறந்ததோ திண்டிவனத்துப் பக்கம். 1951-ல் வன்னியர் சமூகத்தார் தேர்தல் களத்தில் இறங்கியபோது, தலைவர்கள் ஒரே அணியாக நிற்கவில்லை. எஸ். எஸ். ராமசாமி படையாட்சியார் உழைப்பாளர் கட்சிக்குத் தலைவரானார், எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர் காமன்வீல் கட்சிக்குத் தலைவரானார். தென்னாற்காடும் சேலமும் முன்னவர் பக்கம்; வடாற்காடும் செங்கற்பட்டும் பின்னவர் பக்கம். உத்திரமேரூர் அப்போது செங்கற்பட்டு ஜில்லா. ஆகவே தாத்தா காமன்வீல்; பாட்டியின் அண்ணன் உழைப்பாளர்! "ஜில்லா எல்லை என் அடுப்பங்கரை வழியாத்தான் போச்சு" என்பாள் பாட்டி.

1952 பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டு வந்தார். தேர்தல் சமயம். திண்ணையில் பேச்சு ஆரம்பித்தது.

"ஒண்ணா இருந்தவங்களைப் பிரிச்சது உங்க ஆளுதான், மச்சான்!" என்றார் தாத்தா.

"பிரிஞ்சு போனவங்க நீங்க. பழி எங்க மேலயா?" என்றார் அண்ணன்.

பாட்டி இலை போட்டுவிட்டு வந்து பார்த்தபோது திண்ணையில் அண்ணன் இல்லை. மஞ்சள் கொத்தும் கரும்பும் மட்டும் இருந்தன.

எங்கள் ஊர் தேர்தலுக்குப் பெயர் போனது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகளை இன்றும் பார்க்கலாம். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் சபைக்கு வரக்கூடாது என்றெல்லாம் இருக்கிறது. தேர்தல் முடிந்த பின்னும் மைத்துனர்கள் பேசாமல் இருக்கக்கூடாது என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்!

375 இடங்களில் உழைப்பாளர் கட்சிக்கு 19, காமன்வீலுக்கு 6. காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ராஜாஜி அமைத்த மந்திரிசபையில் மாணிக்கவேலு நாயக்கர் சேர்ந்தார். தாத்தா மீசையை முறுக்கிக்கொண்டார். திண்டிவனத்திலிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை.

அம்மாவுக்கு அப்போது மூன்று வயது. மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்த வேண்டிய வயது. "பங்காளி யாராவது மடியில் வச்சுக்கட்டுமே" என்றார் தாத்தா. பாட்டி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். ஊரில் பெண்கள் மூளிக் காது என்று சிரித்தார்கள். பாட்டி இரண்டு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு நடமாடினாள்.

1954 ஏப்ரலில் காமராஜ் முதன்மந்திரியானார். அவரையும் சேர்த்து எட்டே பேர் கொண்ட மந்திரிசபை. அதில் மாணிக்கவேலு நாயக்கரும் இருந்தார். ராமசாமி படையாட்சியாரும் இருந்தார். இரண்டு கட்சிகளும் காங்கிரசிலே கலந்தன.

பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் பத்திரிகையை வாசிக்க, பாட்டி கேட்டாள். அன்று ராத்திரி தாத்தாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"அவங்க ரெண்டு பேரும் ஒரே மேஜையில உக்காந்துட்டாங்களாம். நீங்க ரெண்டு பேரும் எந்தக் கட்சிக்காக இன்னும் சண்டை போடறீங்க?"

தாத்தா பதில் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் விடியற்காலையில் வண்டி பூட்டும் சத்தம் கேட்டுப் பாட்டி எழுந்து வந்தாள். "திண்டிவனம் பஸ்ஸுக்கு நேரமாச்சு. புடவையை மாத்திக்கிட்டு வா" என்றார். தாமும் கூடவே புறப்பட்டார்.

தலைவர்கள் சேர்ந்த நாளில் மாலை போட்டிருப்பார்கள், கை தட்டியிருப்பார்கள். நம் வீடுகளில் பிரிந்தவர்கள் சேர்வதற்கு அப்படி ஆரவாரம் ஏது? யாராவது ஒரு பெண் வாய் திறந்து கேட்க வேண்டும். யாராவது ஓர் ஆண் வண்டி பூட்ட வேண்டும்.

ஐந்தாம் வயதில் அம்மாவுக்குக் காது குத்தினார்கள். இடது காதுத் துளை இன்றும் சற்றுக் கோணல்தான். பத்தரின் கை பிசகவில்லையாம். மாமன் விசும்பி விசும்பி அழுததில் மடி ஆடிவிட்டதாம்!